ஆயில் லீக்: ஸ்பேனரை எடுக்கும் முன் அட்டையை விரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்கு அடியில் ஆயில் சொட்டினால் வீட்டிலேயே சரிசெய்து காசை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு வாசகரும், என்ஜினில் கை வைக்கவே கூடாது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள் என்று இன்னொரு வாசகரும் தங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார்கள். இரண்டு கடிதங்களிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போயிருக்கிறது. ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது? அது தெரிந்துவிட்டால் வீட்டு வேலையா, பட்டறை வேலையா என்பது தானாகவே முடிவாகிவிடும். அது தெரியாமல் வீட்டில் கை வைத்தாலும் வீண், பட்டறையில் பணம் கொடுத்தாலும் வீண். கண்டுபிடிக்கும் வேலையை வண்டி வைத்திருப்பவர்தான் செய்ய வேண்டும் என்பது பட்டறையில் வேலை செய்யும் எங்கள் உறுதியான கருத்து. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு பழைய அட்டைப்பெட்டி, முகப்பவுடர் டப்பா, ஒரு சாயங்காலப் பொழுது போதும்.

சொட்டுவது என்ஜின் ஆயில்தானா என்று முதலில் பாருங்கள். இரவில் வண்டியை நிறுத்தியதும் அட்டைப்பெட்டியைப் பிரித்து என்ஜினுக்கு அடியில் விரித்து, முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் பார்த்தால் சொட்டு விழுந்த இடமும் நிறமும் தெரியும். பழுப்பு அல்லது கறுப்பாக, விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று சாய நிறத்தில் தண்ணீர் போல இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். மூக்கில் ஏறும் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். வெளிர்மஞ்சளாக, சக்கரத்தின் பக்கமாக விழுந்திருந்தால் பிரேக் ஆயில். அப்படியானால் வண்டியை நகர்த்தவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் ஏசியிலிருந்து வடிந்தது, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு ஒழுகுகிறது என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சொட்டு. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 1,440 சொட்டு, அதாவது 50 முதல் 70 மில்லி. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். பெரும்பாலான கார்களில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடைப்பட்ட அளவு சுமார் ஒரு லிட்டர்தான். ஆகவே நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழும் வண்டியை வாரம் ஒரு முறை அளவு பார்க்காமல் ஓட்டக் கூடாது. அட்டையில் இரவு முழுக்க இரண்டு மூன்று சொட்டுத்தான் விழுந்திருக்கிறது என்றால் பதற்றமே வேண்டாம், நிதானமாகத் தேடலாம். ஆனால் சூடான சைலன்சர் மேனிபோல்டின் மேல் சொட்டிப் புகை வந்தால் அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அன்றே கவனிக்க வேண்டும். வண்டி தீப்பிடிப்பது அப்படியும் தொடங்கலாம்.

அடுத்தது இடம். சொட்டு கீழே விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். என்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பெட் கவரில் கசிந்த ஆயில் என்ஜினின் பின்புறமாக இறங்கி, கியர்பாக்ஸும் என்ஜினும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். பார்ப்பவர்கள் “கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்” என்று சொல்லிவிடுவார்கள். கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். கவருக்கு அடியில் ஆயிலை அடைக்கும் சில நூறு ரூபாய் பேக்கிங்கை மாற்றினால் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும். எனவே ஈரமான இடங்களில் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கிறது என்று பாருங்கள்.

செட்டிநாட்டுச் செம்மண் புழுதி இதற்கு ஒரு விதத்தில் உதவி, ஒரு விதத்தில் உபத்திரவம். கசிந்த ஆயிலில் புழுதி ஒட்டி ஒட்டி விரற்கடைக் கனத்துக்கு அப்பிக்கொள்ளும். காய்ந்து களிமண் போல இருந்தால் பழைய கசிவு. அதன் நடுவே ஈரமாகக் கறுப்பு மினுமினுப்பு தெரிந்தால் அதுதான் இப்போதைய கசிவு. அந்த அப்பலைச் சுரண்டாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

என்ஜின் நன்றாக ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டரையும் வயர் கனெக்டர்களையும் பாலித்தீன் பையால் கட்டி மூடுங்கள். மரக்குச்சியால் அப்பலைப் பெயர்த்து, டீசலில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடையுங்கள். வாட்டர் சர்வீஸில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது வேண்டாம். தண்ணீர் கனெக்டருக்குள் புகுந்தால் வேறு வம்பு. டீசல் வாடை போகும் அளவுக்கு ஒரு மணி நேரம் காயவிடுங்கள். டீசல் ஈரத்தோடு என்ஜினைச் சூடாக்கக் கூடாது. பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். பெல்ட் ஓடும் பக்கம் அள்ளிக் கொட்ட வேண்டாம். பேட்டரி வயரை மாட்டி, 15 முதல் 20 நிமிடம் நிதானமாக ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நீங்கள் தேடும் இடம். அன்று தெரியாவிட்டால் மறுநாளும் ஓட்டிப் பாருங்கள்.

இடம் தெரிந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பட்டறைகளிலேயே இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற ஒரு மூச்சு வழி உண்டு. டேப்பெட் கவரிலிருந்து காற்று உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும் ரப்பர் குழாயும் பிசிவி வால்வும்தான் அது. அந்த வழி கரியும் பிசினுமாக அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலின் வழியாகக்கூட ஆயிலை வெளியே தள்ளும். நீங்கள் சீலை மாற்றுவீர்கள், இரண்டு மாதத்தில் அது மறுபடி கசியும், “டூப்ளிகேட் சீல் போட்டுவிட்டான்” என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள். மூச்சு வழி சரியாக வேலை செய்யும் பெட்ரோல் என்ஜினில் காகிதம் மெல்ல உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், அல்லது லேசாகப் படபடக்கும். புஸ் புஸ் என்று தூக்கி எறிந்தால் ஒன்று மூச்சு வழி அடைபட்டிருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை கீழே இறங்குகிறது. பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் கிலுகிலுப்பை போலச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் புதிது போடுங்கள். குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் காகிதம் பறந்தால் ரிங் கதை. எந்த சீல் மாற்றியும் பயனில்லை.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகளில் கார் ஷெட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), கோயில் திருவிழா என்று ஊருக்கு வரும்போதுதான் வண்டியை எடுப்பார்கள். ஆறு மாதம் நின்ற வண்டியில் சீலின் ரப்பர் உதட்டில் ஆயில் படாமல் காய்ந்து இறுகிவிடும். எடுத்த முதல் நாள் அங்கங்கே கசியும். உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். ஆயில் அளவைச் சரியாக வைத்து 200, 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சூட்டிலும் ஆயிலிலும் ரப்பர் ஊறி, கசிவு குறைந்துவிடுவது உண்டு. அதற்கும் அடங்காவிட்டால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒரு முறை டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஒரு கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது கெடுதல். என்ஜின் முழுச் சூடு ஏறாததால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து பிசினாகும். மேலே சொன்ன மூச்சு வழி அடைவது இதனால்தான்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எளியது டிரெயின் போல்ட். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பரின் அடியில் இருக்கும் இந்த போல்ட்டில் கசிவு வந்தால் பத்துக்கு ஒன்பது முறை பழைய வாஷரைத் திரும்பப் போட்டதுதான் காரணம். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை நசுங்குவதற்கு அதில் மிச்சம் இருக்காது. சில பத்து ரூபாய்ச் சாமான். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் இந்த போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 14 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அழுத்தம்தான் 35 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரில் பைப்பைச் செருகி இறுக்குபவர்கள் அலுமினியச் சேம்பரின் மரையை உரித்துவிடுகிறார்கள். மரை போனால் லேத் பட்டறைதான்; மரையில் வெள்ளை டேப் சுற்றினால் அந்தத் துணுக்கு ஆயிலில் கலந்து உள்ளே சுற்றும், செய்யாதீர்கள்.

காருக்கு அடியில் படுக்க வேண்டி வந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு அவசியம். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு அடிச் சதுரத்தில் கனமான பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஒரு கால் மண்ணில் இறங்கி வண்டி சாயும். செங்கல் அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. செங்கல் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டும்.

ஆயில் ஃபில்டரில் கசிவு என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டு. கை பலத்தோடு நிறுத்தாமல் கருவியால் இறுக்கி ரப்பர் வளையத்தைக் கிழித்திருப்பார்கள். அல்லது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜின் முகத்திலேயே ஒட்டியிருப்பதைப் பார்க்காமல் அதன் மேல் புதியதை மாட்டியிருப்பார்கள். இரண்டாவது ஆபத்தானது. ஸ்டார்ட் செய்ததும் ஒன்றும் தெரியாது. வேகம் கூடி அழுத்தம் ஏறும்போது மேல் வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதையும் ரோட்டில் கொட்டிவிடும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, என்ஜின் முகத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. அவ்வளவுதான்.

இப்போது டேப்பெட் கவர் பேக்கிங். வீட்டில் செய்து உண்மையாகவே காசு மிச்சமாகும் வேலை இதுதான். மேலே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. வண்டியைத் தூக்க வேண்டாம். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். கழற்றுவதற்கு முன்பே கவரைச் சுற்றிலும் துடைத்துவிடுங்கள்; அந்தச் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கு அது உப்புத்தாள். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று காகித டேப்பில் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். காயில் நேரடியாகப் பிளக்கின் மேல் இருக்கும் வண்டிகளில் லாக்கை அழுத்திக் கனெக்டரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சுக் குழாயைக் கழற்றுங்கள். கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர்தான். ஓரத்திலிருந்து நடுவுக்கு, குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள்.

கவர் ஒட்டிக்கொண்டிருக்கும், எளிதில் கழன்று வராது. அங்கேதான் பலர் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்புகிறார்கள். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால், எத்தனை பேக்கிங் மாற்றினாலும் அந்தக் கீறல் வழியாக ஆயில் வந்துகொண்டே இருக்கும். கவரின் பக்கவாட்டில் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் மேல் லேசாகத் தட்டினால் விடும். எடுத்ததும் திறந்த என்ஜினைச் சுத்தமான, நூல் பிரியாத துணியால் மூடுங்கள். பழைய பேக்கிங் வறண்ட கொட்டாங்குச்சி போல இறுகியிருக்கும்; வளைத்தால் படக்கென்று ஒடியும். நல்ல ரப்பர் வளையும், ஒடியாது. கசிவுக்கு அதுதான் காரணம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கவரின் பள்ளத்தையும் என்ஜின் முகத்தையும் காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டி, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள். கவர் நெளிந்திருக்கிறதா என்பதைத் தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்துப் பார்க்கலாம். மூலையை அழுத்தும்போது டக்டக்கென்று ஆடினால் நெளிவு. நெளிந்த தகரக் கவரைத் தட்டி நிமிர்த்தலாம். அலுமினியம், பிளாஸ்டிக் என்றால் மாற்ற வேண்டியதுதான். பேக்கிங்கோடு பிளக் குழிகளின் ரப்பர் வளையங்களையும் போல்ட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்களையும் சேர்த்து வாங்குங்கள். பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விட்டுவிட்டால், ஆயில் பிளக் குழியில் நிறைந்து என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும்.

ரப்பர் பேக்கிங் வறட்டு முகத்தில்தான் உட்கார வேண்டும். கிரீஸ், ஆயில், அனாபாண்ட் என்ற சிலிக்கான் பசை எதுவும் சுற்றிலும் பூசக் கூடாது. பூசினால் இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கும். கேம் ஷாஃப்ட் கேப்பும் டைமிங் கவரும் ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும் உளுந்து அளவு அனாபாண்ட் வைக்கலாம். வண்டியின் கையேடும் அந்த இடங்களைக் குறிப்பிட்டிருக்கும். பழைய வண்டிகளின் கார்க் பேக்கிங் வேறு விதம். அதற்கு மெல்லிய கிரீஸ் பூச்சு நல்லது, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை லேசாக இறுக்கலாம். ரப்பரைத் திரும்ப இறுக்கக் கூடாது.

மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு தவணையாக இறுக்குங்கள். இந்தச் சிறு போல்ட்டுகளுக்கு 8 முதல் 11 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, 15 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ. “இன்னும் ஒரு இழுப்பு” என்ற ஆசையில்தான் போல்ட்டின் தலை முறிகிறது. ஐடிலில் பத்து நிமிடம் ஓட்டி, டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். நிதானமாகச் செய்தால் முதல் முறை இரண்டரை மணி நேரம் ஆகும்.

அனாபாண்ட் என்றதும் மனம் கொதிக்கிறது. ஒழுகும் இடத்தின் மேலேயே, அழுக்கைக்கூடத் துடைக்காமல், வெளிப்புறமாக விரலால் அப்பி அனுப்பும் வேலையைப் பல வண்டிகளில் பார்க்க முடிகிறது. எண்ணெய்ப்பசையின் மேல் சிலிக்கான் ஒட்டாது. பத்தே நாளில் தோல் போல உரிந்து வரும். அதைவிடக் கேடு, சேம்பரைக் கழற்றிப் பூசும்போது கை தாராளமாகிவிடுவது. 3 எம்எம் கனத்தில் ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளின் உட்புறமாகச் சுற்றி வர வேண்டிய பசையை அரை இஞ்சுக்குப் பூசினால், வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது ஒரு நாள் பிய்ந்து ஆயில் சல்லடையில் போய் அடைக்கும். பம்புக்கு ஆயில் ஏறாது. பேரிங் பிடித்து என்ஜின் சீஸ் ஆகும். ஐம்பது ரூபாய்க் கசிவை நிறுத்தப்போய் என்ஜினையே இழப்பது இப்படித்தான். பூசிய பிறகு 24 மணி நேரம் காயவிடாமல் ஆயில் ஊற்றுவதும் தவறு.

ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தால் அதன் வயர் சாக்கெட்டுக்குள்ளேயே ஆயில் நிற்கும். சுவிட்சைக் கழற்றிப் புதிது போடுவது வீட்டு வேலைதான், கைக்கு எட்டினால். சேம்பர் பேக்கிங் இரண்டுங்கெட்டான். அடியில் தடை எதுவும் இல்லாத வண்டியில் செய்யலாம். சைலன்சர் பைப்பும் கிராஸ் மெம்பரும் குறுக்கே வரும் வண்டியில் விட்டுவிடுங்கள். தகரச் சேம்பர் என்றால் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். அந்தக் குழிவைக் கட்டையின் மேல் வைத்து உருண்டைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்காமல் மாட்டினால் புதுப் பேக்கிங்கும் ஒழுகும்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. கிக்கர் ஷாஃப்ட், கியர் ஷாஃப்ட் ஆயில் சீல்களைப் பல வண்டிகளில் என்ஜினைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே மாற்றலாம். ஷாஃப்டின் பற்களின் மேல் செல்லோ டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, சீலின் உதட்டில் ஆயில் தடவி ஏற்றினால் பற்கள் உதட்டைக் கிழிக்காது. டேப்பை உருவ மறக்காதீர்கள். கிளச் கவர் பேக்கிங் காகிதத்தால் ஆனது; பழையதைப் பொட்டுகூட மிச்சமில்லாமல் சுரண்டுவதில்தான் வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது.

இனி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியவை. கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் முதலாவது. சீலின் விலை சில நூறு ரூபாய்க்குள் இருக்கும். ஆனால் அதை எட்ட கியர்பாக்ஸை இறக்கி, கிளச்சைக் கழற்றி, ஃபிளை வீலையும் எடுக்க வேண்டும். கூலி பல மணி நேர உழைப்புக்கு. “நூறு ரூபாய்ச் சாமானுக்கு இத்தனை ஆயிரமா” என்று கேட்பது நியாயமில்லை. அங்கே போய்ச் சேருவதற்குத்தான் அந்தப் பணம். முப்பது நாற்பது கிலோ கியர்பாக்ஸை முற்றத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் இறக்கும் வேலையை வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

இறக்கிய பிறகு மெக்கானிக் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பழைய சீலின் உதடு உரசி உரசி ஷாஃப்டில் ஒரு வரி தேய்ந்திருக்கும். நகம் அதில் தட்டினால், புது சீலை அதே ஆழத்தில் அடிக்கக் கூடாது. ஒன்று இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, தேயாத இடத்தில் உதடு உட்காரும்படி செய்ய வேண்டும், அல்லது தேய்ந்த இடத்தின் மேல் மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் போட வேண்டும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். ஏற்றும் முன் உதட்டில் ஆயில் தடவ வேண்டும். வறட்டு உதடு முதல் நிமிடத்திலேயே கருகும். கிளச் பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் பெட்ரோல் போட்டுக் கழுவி மாட்ட விடாதீர்கள், திரும்ப வழுக்கும். தேய்ந்த பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம், ஏனென்றால் கூலி மறுபடி கிடையாது.

முன் கிராங்க் சீலும் கேம் சீலும், கிராங்க்கையும் கேமையும் இணைத்து ஓட்டும் டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் பட்டறை வேலைதான். பெல்ட்டின் பல் ஒன்று தவறினாலும் சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆயில் பட்ட பெல்ட் ஊறி அறுந்துபோகும் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. டர்போ ஆயில் பைப், ஹெட் கேஸ்கெட் இரண்டிலும் வீட்டில் கையே வைக்காதீர்கள். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியைத் துடைக்கக்கூட வேண்டாம். ஈரத்தோடு அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பழைய அம்பாசடர் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் எங்கள் பக்கம் உண்டு. அதன் பழைய 1,489 சிசி என்ஜினில் கிராங்க்கின் பின்பக்கம் ரப்பர் உதட்டு சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டியிருக்கும் சுருள் பள்ளம்தான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நிறுத்தியதும் ஓரிரு சொட்டு விழுவது அதன் சுபாவம். அதை நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள். அடியில் ஒரு தகரத் தட்டை வையுங்கள், மூச்சு வழியைச் சுத்தமாக வையுங்கள், ஆயிலை மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அளவு கூடினாலே அதிகம் ஒழுகும்.

பட்டறைக்குப் போகும்போது “ஆயில் லீக், பாருங்க” என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். பவுடரில் கோடு இறங்கிய இடத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். எந்த சீல், எத்தனை மணி நேர வேலை, கூடவே எது மாற்ற வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். இடத்தைத் தெரிந்துகொண்டு வரும் வாடிக்கையாளரால் அவருக்கும் அரை நாள் மிச்சம்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அது ரப்பரை ஊதவைக்கும் ரசாயனம். இறுகிப்போன சீலில் கொஞ்ச நாள் தாங்கலாம். கிழிந்த சீலில், கீறல் விழுந்த முகத்தில், தளர்ந்த போல்ட்டில் ஒன்றும் செய்யாது. நல்ல நிலையில் இருக்கும் மற்ற சீல்களையும் சேர்த்து மிருதுவாக்கிவிடும் என்பதால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கடைசியாகத் தரையும் தண்ணீரும். ஆத்தங்குடிக் கல் சுட்டு எடுத்த ஓடு அல்ல. சிமெண்ட், மணல், வண்ணம் கலந்து கண்ணாடி மேல் வார்த்தது. ஆயிலைக் குடித்துவிடும். கார் நிறுத்தும் முகப்பில் அந்தக் கல் பதித்தவர்கள் கசிவு தெரிந்த அன்றே வண்டியை வெளியே நகர்த்துங்கள். சொட்டு விழுந்துவிட்டால் தேய்க்காமல் மரத்தூளோ தவிடோ கொட்டி ஒரு இரவு விட்டுக் கூட்டுங்கள். புதுவயல் ரைஸ்மில் பக்கம் தவிட்டுக்குப் பஞ்சமில்லை. பிறகு சாக்பீஸ் தூளைச் சோப்புத் தண்ணீரில் குழைத்து அப்பி, பாலித்தீனால் மூடி மறுநாள் எடுங்கள். ஆசிட் ஊற்றினால் கறையோடு கல்லின் பூ வேலைப்பாடும் போய்விடும்.

வடித்த பழைய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதை வாய்க்காலில் ஊற்றுகிறார்கள். மாட்டுக்கொட்டகைத் தூணில் கறையானுக்குப் பூசுகிறார்கள். எரிந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு. மாடு நக்கும் தூணில் அதைப் பூசலாமா? எங்கள் ஊர்களின் ஊருணிகள் மழைநீர் வழிந்து வந்து நிறைவதற்கென்றே வரத்துக்கால் வைத்து வெட்டப்பட்டவை. தெருவில் ஊற்றியது முதல் மழைக்கே ஊருணியில் படலமாக மிதக்கும். காலி ஆயில் கேனிலேயே ஊற்றி, தண்ணீரோ டீசலோ கலக்காமல் இறுக மூடி வைத்தால், பீப்பாயில் சேர்த்து வைக்கும் பட்டறைகள் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து அது மறுசுத்திகரிப்புக்குப் போகும். வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள் ஒரு கேன், இரண்டு கேனாகக் கொண்டுவந்து கொடுக்க நகரில் பொதுவான இடம் ஒன்று இருந்தால் வாய்க்காலில் ஊற்றுவது பாதியாவது நிற்கும். காரைக்குடி இப்போது மாநகராட்சி. குப்பை தரம் பிரிக்கும் கூடங்களில் மூடியுள்ள 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் ஒரு புனலும் வைத்து, எந்த நாளில் கொண்டுவரலாம் என்று அறிவிக்குமாறு மாநகராட்சி ஆணையரைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுநீக்கும் பணியாளர்கள்,
செக்காலை, காரைக்குடி.